ரோபோ: வெட்டி வேலையில் பிறந்த சொல்லும் அதற்கான தமிழும்

ரோபோ என்ற சொல்லுக்கு இயந்திரத்தோடு பிறவி உறவு எதுவும் கிடையாது. செக் எழுத்தாளர் கரேல் சாப்பெக், 1920-இல் வெளியான தம் 'ஆர்.யூ.ஆர்.' நாடகத்தில் வரும் செயற்கைத் தொழிலாளர்களுக்குப் பெயர் தேடினார். உழைப்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து 'லபோரி' என்று வைக்கலாமா என்று யோசித்தார். அதில் ஏட்டு வாடை அடித்தது. அண்ணன் யோசெப் ஓவியர். தூரிகையை வாயில் கவ்வியபடியே "ரோபோட் என்று வையேன்" என்று முணுமுணுத்தார். இதைப் பின்னாளில் கரேலே எழுதியிருக்கிறார். அந்த நாடகத்து ரோபோக்கள் இரும்பால் ஆனவையும் அல்ல. தசை போன்ற பொருளால் ஆக்கப்பட்டவை.

செக் மொழியில் 'ரோபோட்டா' என்பது நிலவுடைமையாளருக்குக் குடியானவர் கூலியின்றிச் செய்தே தீரவேண்டிய வேலை. ஆஸ்திரியப் பேரரசில் அந்த வழக்கம் 1848-இல்தான் ஒழிந்தது. இதற்கு நம்மிடம் நேர்ச்சொல்லே உண்டு: வெட்டி. சோழர் கல்வெட்டுகளில் கூலியில்லாக் கட்டாய உழைப்புக்கு அதுதான் பெயர். இன்று 'வெட்டி வேலை' என்று பயனற்றதைச் சொல்கிறோம். செய்தவருக்குப் பயன் இல்லாத வேலை என்ற பழைய வலி அதற்குள் கிடக்கிறது.

1961-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் 'யூனிமேட்' என்ற இயந்திரக் கை வேலைக்கு வந்தது. அச்சில் வார்த்த, சுடச்சுட இருக்கும் உலோகத் துண்டுகளை எடுத்து வைப்பது அதன் பணி. மனிதரை வாட்டிய வேலை இயந்திரத்தின் கைக்குப் போன பிறகு, சாப்பெக் வைத்த பெயர் இன்னும் நன்றாகப் பொருந்தியது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'இயந்திர மனிதன்', 'எந்திரன்' இரண்டும் புழக்கத்தில் உள்ளன. எந்திரம் வடமொழி வேர் கொண்டதென்றாலும் நமக்குப் புதிதல்ல. கரும்பு ஆலையின் ஓசை யானையின் பிளிறலுக்கு எதிராக ஒலித்ததை 'கரும்பின் எந்திரம் களிற்றெதிர் பிளிற்றும்' என்கிறது ஐங்குறுநூறு. சிக்கல் 'மனிதன்', '-அன்' என்பவற்றில்தான். தட்டு வடிவில் கட்டிலுக்கடியில் புகுந்து தரை பெருக்கும் ஒன்றை உயர்திணை ஆண்பாலில் அழைப்பது எனக்கு உறுத்துகிறது. 'தானியங்கி' என்றால் வேறு தொல்லை. ஆள் வந்தால் திறக்கும் கதவும் தானியங்கிதான், துணி துவைக்கும் இயந்திரமும் தானியங்கிதான்.

ரோபோவைத் தனித்துக் காட்டுவது, சுற்றுப்புறத்தை உணர்ந்து அதற்கேற்பத் தன் செயலை மாற்றிக்கொள்வது. அந்தத் தரை பெருக்கியைக் கவிழ்த்துப் பாருங்கள். விளிம்பில் சிறு கண்கள் போல உணரிகள் இருக்கும். அவை அகச்சிவப்பு ஒளியைக் கீழே பாய்ச்சும். தரை இருந்தால் ஒளி திரும்பி வரும். படிக்கட்டின் ஓரம் வந்தால் வராது, உடனே பின்வாங்கும். கறுப்பு விரிப்பு அந்த ஒளியை விழுங்கிவிடுவதால், அதைப் பள்ளம் என்று எண்ணித் தயங்கி நின்றுவிடுவதும் உண்டு. கிடங்குகளில் சரக்கு சுமந்து செல்பவையும் ஆள் குறுக்கே வந்தால் இப்படி உணர்ந்துதான் நிற்கின்றன.

இங்கேதான் 'பொறி' என்ற சொல் என்னை வியக்க வைக்கிறது. பொறி என்றால் இயந்திரம்: மதுரைக் கோட்டை மதிலில் பகைவர் மேல் தானே அம்பெய்யும் வில்லைச் சிலப்பதிகாரம் 'வளைவிற் பொறி' என்கிறது. பொறி என்றால் புலனுறுப்பும்கூட: ஐம்பொறி என்கிறோம், 'பொறிவாயில் ஐந்தவித்தான்' என்கிறது குறள். இயங்குவது, உணர்வது என்ற இரண்டையும் ஒரே சொல் தாங்கி நிற்கிறது.

ஆகவே பேச்சில் ரோபோ இருக்கட்டும். எழுத்தில் 'தன்னியக்கப் பொறி' என்பதே என் தேர்வு. ஆட்டோமேஷனுக்குத் 'தன்னியக்கம்' ஏற்கெனவே பழகிவிட்டது. எதைப் பற்றிய பேச்சு என்பது தெளிவாக இருந்தால் பெருக்கும் பொறி, சுமக்கும் பொறி, உலோகம் பற்றவைக்கும் பொறி என்று வேலையைச் சொல்லியே அழைக்கலாம். உருவம் மனிதரைப் போல இருந்தால் மட்டும் எந்திரன்.