பால் பைத்தான் மார்ஃபுக்கு அந்த விலை தகுமா?

பாம்பு, ஆமை, ஓணான் வகைகளுக்கு வைத்தியம் பார்ப்பவன் என்பதால் எனக்கு அடிக்கடி வாட்ஸ்அப்பில் படங்கள் வரும். மஞ்சளும் வெள்ளையுமாகப் பளபளக்கும் ஒரு பால் பைத்தான் குட்டி, கூடவே, "ரேர் மார்ஃப்னு சொல்றாங்க டாக்டர், இந்த விலைக்கு வாங்கலாமா?" என்ற கேள்வி. படத்தைப் பார்த்து விலை சொல்ல என்னால் முடியாது. சொல்கிறவர்களையும் நான் நம்புவதில்லை.

பால் பைத்தான் கானா, டோகோ, பெனின் முதலிய மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் சிறிய மலைப்பாம்பு. பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்துபோலச் சுருண்டுகொள்ளும்; 'பால்' (ball) என்ற பெயர் அதனால்தான். இயல்பான நிறம் கறுப்பும் பழுப்பும்தான். எப்போதாவது மரபணு மாற்றத்தால் வேறு நிறத்தில் ஒன்று பிறக்கும். அந்த நிறம் வாரிசுக்கும் இறங்குகிறது என்று இனப்பெருக்கம் செய்து காட்டிய பிறகே அது ஒரு மார்ஃப் ஆகிறது. அமெரிக்காவில் பாப் கிளார்க், கறுப்பு நிறமி இல்லாத அல்பினோவை 1992இலும், பீட்டர் கால் பைபால்டை 1997இலும் அப்படி நிரூபித்தார்கள். உடலில் ஆங்காங்கே வெள்ளை அடித்ததுபோல இருக்கும் பைபால்ட், ஆரம்பத்தில் பல்லாயிரம் டாலருக்குப் போனது. இன்று அங்கே சில நூறு டாலருக்குக் கிடைக்கிறது. பாம்பு மாறவில்லை, அதே அழகுதான். ஒரு ஈட்டுக்கு ஆறு முட்டை என்று வைத்தாலும், இருபது வருடத்தில் எத்தனை ஆயிரம் பேர் கையில் அந்த மரபணு போயிருக்கும்?

புதிய மார்ஃபுக்குக் கேட்கும் பெரிய தொகை, அதிலிருந்து முதலில் குட்டி எடுத்து விற்கப்போகும் பிரீடருக்கானது. பெண் பாம்பு ஒன்றரைக் கிலோ எடைக்கு வந்து முட்டையிட மூன்று வருடமாவது ஆகும். அதற்குள் விலை எங்கே இறங்கியிருக்குமோ தெரியாது. வீட்டில் வளர்க்க ஆசைப்படுகிறவர் அந்தத் தொகையைக் கொடுப்பதில் எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை. "இன்வெஸ்ட்மென்ட் சார்" என்று விற்பவர் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம். பணத்தின் கதை மூன்று வருடத்தில் முடிந்துவிடும்; பாம்பு இருபது, முப்பது வருடம் இருக்கும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிசாலையில் 60 வயதைத் தாண்டிய ஒரு பால் பைத்தான் 2020இல் முட்டையே இட்டது.

அடுத்து இந்த "ஹெட்" வியாபாரம். பைபால்ட் போன்ற சில நிறங்கள், தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டு மரபணுவும் சேர்ந்தால்தான் வெளியே தெரியும்; இதை ஒடுங்கு மரபணு என்பார்கள். அது ஒன்றே ஒன்று இருக்கும் பாம்பு, பார்க்கச் சாதாரணமாகவே இருக்கும்; அதைத்தான் ஹெட் என்கிறார்கள். பைபால்டையும் சாதாரணப் பாம்பையும் சேர்த்தால் பிறக்கும் எல்லாமே உறுதியான ஹெட். இரண்டு ஹெட்டைச் சேர்த்தால் கணக்கு மாறும்: நான்கில் ஒன்று பைபால்டாகத் தெரியும், மீதி மூன்றும் சாதாரணமாகத் தெரியும், அந்த மூன்றில் இரண்டு ஹெட். எந்த இரண்டு என்று கண்ணால் சொல்ல முடியாது. அதனால்தான் மூன்றையுமே "66 சதவீத ஹெட்" என்று விற்கிறார்கள். அதில் ஒன்றை வாங்குகிறவர், பாம்போடு சேர்த்து ஒரு வாய்ப்பையும் விலை கொடுத்து வாங்குகிறார். இரண்டு உறுதியான ஹெட்டையே சேர்த்தாலும், ஆறு முட்டையில் ஒரு பைபால்ட்கூட வராமல் போக ஏறக்குறைய 18 சதவீதம் வாய்ப்பு உண்டு. தாய், தகப்பன் படமும் ஈட்டின் பதிவும் இல்லாத ஹெட்டைச் சாதாரணப் பாம்பின் விலைக்கு மேல் எடுக்காதீர்கள். அமெரிக்காவில் இப்போது உரித்த சட்டையை அனுப்பினாலே சில மார்ஃப்களுக்கு மரபணுச் சோதனை செய்து தருகிறார்கள். அந்த முடிவு கையில் இருந்தால் பேச்சு வேறு.

படத்தில் தெரியும் நிறமும் அப்படியே நிற்காது. சட்டை உரித்த மறுநாள் எந்தப் பாம்பும் ஜொலிக்கும். பேஸ்டல் மார்ஃப் குட்டியின் மஞ்சள் வளர வளர மங்கிப் பழுப்படிக்கும். பனானா மார்ஃபுக்கு வயது ஏறினால் உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளி விழும். ஆகவே குட்டியை மட்டும் பார்க்காமல், அதே வழியில் வந்த பெரிய பாம்பையும் காட்டச் சொல்லுங்கள்.

நான் அதிகம் சங்கடப்படுவது ஸ்பைடர் மார்ஃப் விஷயத்தில். ஒரு தம்பி பம்பிள்பீ என்ற மார்ஃபைக் கொண்டுவந்தார். ஸ்பைடரும் பேஸ்டலும் சேர்ந்தது, மஞ்சளில் மெல்லிய கறுப்புக் கோடுகள், கண்ணைப் பறிக்கும் அழகு. மேசையில் விட்டதும் தலை ஒரு பக்கமாகத் திருகி, கழுத்து மேலே போய், தாடை வானத்தைப் பார்த்தது. பக்கத்தில் இருந்த இடுக்கியை நோக்கி நாக்கை நீட்டியது, தலை குறி தவறி அரை அடி தள்ளிப் போய் நின்றது. "டான்ஸ் ஆடும், இந்த டைப்புக்கு அது நார்மல்னு சொன்னாங்க டாக்டர்" என்றார். அது சமநிலைக் கோளாறு. ஸ்பைடர்களின் உள்காது உருக்குலைந்திருப்பதை 2022இல் வெளியான நுண் சி.டி. ஸ்கேன் ஆய்வு காட்டியது. நிறத்தைத் தரும் மரபணுவோடேயே இது வருவதால், குறையில்லாத ஸ்பைடர் என்று தனியாக ஒன்றைத் தேட முடியாது, ஏற்றக்குறைச்சல்தான் உண்டு. மருந்தும் கிடையாது. வோமா, ஷாம்பெயின் மார்ஃப்களிலும் இந்த ஆட்டம் உண்டு. சூப்பர் சின்னமன் மார்ஃபில் வாத்து அலகுபோன்ற முகமும் முதுகுக் கோணலும் வரலாம். டெசர்ட் மார்ஃப் பெண் பாம்புகளுக்கு முட்டையிடுவதில் சிக்கல். இவற்றின் பெயரைக் கேட்டாலே வேண்டாம் என்பதுதான் என் பதில், விலை எவ்வளவு குறைந்தாலும் சரி.

மற்ற மார்ஃப் என்றால் கையில் வாங்கிப் பாருங்கள். மல்லாத்தினால் உடனே புரண்டு நேராக வேண்டும். முதுகெலும்பின் மேல் விரலை ஓட்டினால் மேடு பள்ளம் தட்டக்கூடாது. வாயோரம் நுரை, மூச்சில் விசில் சத்தம் இருந்தால் நுரையீரல் தொற்றாக இருக்கலாம்; பைத்தான்களில் சுவாச நோய் தரும் நிடோவைரஸ் பற்றியும் யோசிக்க வேண்டிவரும். தாடைக்குக் கீழ் மடிப்பிலும் கண்ணைச் சுற்றியும் கறுப்புப் பொட்டாக உண்ணி ஒட்டியிருக்கும். தண்ணீர்க் கிண்ணத்தின் அடியையும் பாருங்கள், பல நேரம் அங்கேதான் உண்ணி செத்துக் கிடக்கும். அப்புறம், உங்கள் கண்ணெதிரில் அது ஒரு எலியைத் தின்ன வேண்டும். மாதக்கணக்கில் பட்டினி கிடப்பதில் பேர்போன இனம் இது. "நேத்துதான் சாப்பிட்டுச்சு" என்ற பேச்சை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கடைசியாகக் காகிதம். 2023 ஜனவரியில் சென்னை விமான நிலையத்தில் பாங்காக்கிலிருந்து வந்த பெட்டிகளில் 45 பால் பைத்தான்கள் சிக்கின. பிடிபடாத பெட்டிகளில் வந்தவை எங்கே போகும்? "பேப்பர் அப்புறம் வரும்" என்று விற்கப்படுபவற்றில் அவையும் இருக்கலாம். நம் ஊர் மலைப்பாம்பை வளர்க்கவே கூடாது, அது வேறு கதை. பால் பைத்தான், வனவிலங்கு வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பில் இருப்பதால், 2022இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கும் பொருந்தும். 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி, வாங்கிய 30 நாளுக்குள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் விவரம் தெரிவித்துப் பதிவு செய்ய வேண்டும். விற்பவர் தன் பதிவைக் காட்டட்டும், அதற்குப் பிறகு விலை பேசலாம். பிறகு அது குட்டி பொரித்தாலும், கைமாறினாலும், இறந்தாலும் அதே தளத்தில் தெரிவிக்க வேண்டியது உங்கள் பொறுப்பு.