தாத்தா கையெழுத்துப் போட்ட புத்தகத்தைக் கிழிக்காதீர்கள்

போன மாதம் தக்கலைப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். கையில் லேமினேட் செய்த ஒற்றைத் தாள். அவருடைய தாத்தா சுதந்திரப் போராட்டத் தியாகி, 1972-ல் தாமிரப் பட்டயம் பெற்றவர். அவர் வைத்திருந்த ஒரு புத்தகத்தின் முதல் தாள் அது. மைப்பேனாவில் கையெழுத்து, அதன் கீழே ‘1112 மகரம்’. மை மங்கிக்கொண்டே போகிறது, ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டார். “இந்த 1112 புத்தகத்தோட நம்பரா சார்?”

நம்பர் இல்லை, கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டுக் கணக்கு. மகரம் என்பது நம் தை மாதம். 1956 நவம்பர் 1-ல் தமிழ்நாட்டோடு இணையும்வரை நம் கன்னியாகுமரி மாவட்ட ஊர்கள் திருவிதாங்கூரோடும், 1949-லிருந்து திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தவை. அதனால் இங்குள்ள பழைய புத்தகங்களிலும் பத்திரங்களிலும் இந்தக் கணக்கை அடிக்கடி பார்க்கலாம். ஆவணியில் ஆண்டு பிறக்கும். டிசம்பர் முடிய 824-ஐயும், ஜனவரியிலிருந்து 825-ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். 1112 மகரம் என்றால் 1937-ன் தொடக்கம். எல்லாச் சாதி இந்துக்களுக்கும் திருவிதாங்கூர் கோயில்களைத் திறந்துவிட்ட கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது 1936 நவம்பர் 12-ல். காந்தி திருவிதாங்கூரில் சுற்றுப்பயணம் செய்தது 1937 ஜனவரியில். அந்த நாட்களை ஒட்டி அவருடைய தாத்தா இந்தப் புத்தகத்தில் பெயர் எழுதியிருக்கிறார்.

“புத்தகம் எங்கே?” என்றேன். தாள் பொடிப்பொடியாக உதிர்ந்ததால் இந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துக்கொண்டு, மிச்சத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார்களாம். என்ன புத்தகம் என்பதும் அவருக்கு நினைவில்லை.

பழைய நூல்களைச் செப்பனிடும் வேலையில் இருக்கும் எனக்கு இதைவிட வேதனை கிடையாது. கையெழுத்து தாத்தாவின் பெயரைத்தான் சொல்லும். அவர் என்ன படித்தார், எந்த வரிக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டார், எந்தப் பக்கத்தில் துண்டுச்சீட்டு செருகினார் என்பதெல்லாம் புத்தகத்தோடு போய்விட்டது.

லேமினேஷனைப் பற்றியும் அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. சூட்டில் உருகிய பிளாஸ்டிக் தாளின் நாருக்குள் இறங்கிவிடும். பிறகு உரித்தால் தாளும் சேர்ந்து வரும். அந்தக் காலத்து மரக்கூழ்த் தாளில் படிகாரம் சேர்ப்பார்கள். அதன் அமிலம்தான் தாளைப் பழுப்பாக்கி முறிய வைக்கிறது. மேலே பிளாஸ்டிக் ஒட்டினால் அந்த அமிலம் போய்விடாது, உள்ளேயே இருந்து அரிக்கும். வெளிச்சத்தில் மாட்டினால் மையும் வெளிறும். செலோ டேப்பும் இதே ரகம்தான். சில வருடங்களில் டேப் உதிர்ந்துவிடும், பசை மட்டும் மஞ்சள் கறையாகத் தங்கிவிடும்.

புத்தகத்தை அவசரப்பட்டு பைண்டிங்குக்கும் கொடுத்துவிடாதீர்கள். மெஷினில் ஓரம் வெட்டும்போது ஓரக்குறிப்புகளும் சேர்ந்து போகும். முன்தாளை மாற்றினால் கையெழுத்தே போய்விடும். தைத்தே ஆக வேண்டும் என்றால் ஓரம் வெட்டாமல், பழைய தாள் ஒன்றைக்கூட எடுக்காமல் தைக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் நம் ஊர் ஈரம். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம், பக்கத்திலேயே கடல். சுவரோடு ஒட்டிய அலமாரியில் பூஞ்சணம் சீக்கிரம் பிடிக்கும். சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். வெயிலில் காயப்போட வேண்டாம், நிழலில் காற்றாட வைத்தாலே போதும். மைப்பேனா எழுத்து ஈரம் பட்டால் கரையும், ஆகவே ஈரத்துணி கூடவே கூடாது. ராமபாணப் பூச்சிக்கு வசம்பைத் துணியில் முடிந்து பக்கத்தில் வைக்கலாம், பக்கங்களுக்கு நடுவே வேண்டாம். உள்ளே இருக்கும் பேப்பர் துண்டுகளை எடுப்பதானால், எந்தப் பக்கத்தில் இருந்தவை என்று குறித்துத் தனி உறையில் போடுங்கள்.

நல்ல விலை தருகிறேன் என்று யாராவது வீடு தேடி வரலாம். விற்பதும் விடுவதும் உங்கள் விருப்பம். ஆனால் 75 ஆண்டு கடந்த, வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் பிரதிகளும் ஆவணங்களும் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். அனுமதி இல்லாமல் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. கொடுப்பதற்கு முன்பு எல்லாப் பக்கங்களையும், அட்டையையும் சேர்த்து, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

தக்கலைக்காரருக்கு ஒரே ஒரு வழிதான் மிச்சம் இருந்தது. தாத்தாவின் மகள், அவருக்கு அத்தை, பூதப்பாண்டியில் இருக்கிறார். என் இடத்திலிருந்தே அவருக்குப் போன் செய்து கேட்டோம். பச்சை அட்டை, அப்பா திண்ணையில் உட்கார்ந்து சத்தமாக வாசிப்பார், நடுவில் ஒரு ராட்டைப் படம் இருக்கும் என்றார் அத்தை. அதையெல்லாம் அப்படியே ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, சொன்னவர் பெயரும் தேதியும் போட்டு, அந்த ஒற்றைத் தாளோடு ஒரே உறையில் வைக்கச் சொன்னேன். அவர் சட்டைப் பையிலிருந்து பால்பாயிண்ட் பேனாவை எடுத்தார். என் மேஜையிலிருந்த பென்சிலைக் கொடுத்தேன். பென்சில் எழுத்து ஈரத்தில் கரையாது.