மேடை வெளிச்சம் எங்களுக்குப் போதும், கமராவுக்குப் போதாது

திருகோணமலையின் உப்புவெளிக் கடற்கரையில் உல்லாசப் பயணிகள் வரும் சீசன் தொடங்கிவிட்டால், சித்திரை பிறந்ததிலிருந்து புரட்டாதி வரை, வார இறுதி இரவுகளில் ஏதாவது ஒரு கிடுகுக் கொட்டிலிலிருந்து பாட்டுச் சத்தம் வரும். மேடை என்று தனியாக ஒன்றும் இருக்காது. மணலுக்கு மேல் நாலு பலகை, ஒரு கீபோட், ஒரு பேஸ் கிற்றார், ட்ரம்ஸ், பாடுகிறவருக்கு ஒரு மைக். வெளிச்சத்துக்கு வளையில் கட்டிய இரண்டு எல்.இ.டி. லைட். கேட்டுக்கொண்டு இருக்கிறவர்களுக்கு அது தாராளம். பாடுகிறவரின் நெற்றி வியர்வைகூடத் தெரியும். அதையே படமெடுத்துப் பார்த்தால் முகம் முழுக்க நிறம் நிறமாகப் புள்ளிகள், ட்ரம்ஸ் அடிப்பவரின் கை இருந்த இடத்தில் ஒரு கலங்கல்.

கமரா சரியில்லை என்பதுதான் உடனே வருகிற முடிவு. ஆனால் மூன்று மடங்கு விலையுள்ள கமராவிலும் அந்தப் புள்ளிகள் வரும், கொஞ்சம் குறைவாக. அவற்றில் பெரும்பங்கு கமராவில் பிறப்பதே இல்லை. ஒளியோடு சேர்ந்தே வருகிறது.

முதலில் இருட்டின் அளவைப் பார்ப்போம். நிலாவெளியில் மத்தியான வெயிலில் லென்ஸின் திறப்பை எஃப் 16 (எண் சிறிதானால் திறப்பு பெரிது), கமராவின் உணர்திறன் எண்ணை ஐ.எஸ்.ஓ. 100, ஒளி விடும் நேரத்தை 1/100 செக்கன் என்று வைத்தால் படம் சரியாக விழும். பிலிம் காலத்திலிருந்து கைமாறி வருகிற கணக்கு இது. கொட்டில் மேடையின் வெளிச்சம் அதிலிருந்து ஏறத்தாழ பத்துப் படி கீழே நிற்கிறது. ஒரு படி இறங்கினால் ஒளி பாதியாகும். பத்துப் படி இறங்கினால் மிஞ்சுவது 1024இல் ஒரு பங்கு. கண்மணி 2 மில்லிமீற்றரிலிருந்து 7 மில்லிமீற்றருக்கு விரிந்தாலும் உள்ளே வரும் ஒளி 12 மடங்குதான் கூடும். மீதியை விழித்திரையும் மூளையும் சரிக்கட்டிவிடுகின்றன. அதனால்தான் ஆயிரம் மடங்கு குறைவை நாங்கள் 'கொஞ்சம் மங்கல்' என்று சொல்லிவிட்டுப் பாட்டைக் கேட்கிறோம்.

கமராவுக்குள் ஒளியை வாங்கும் சில்லான சென்சர் அப்படிச் சரிக்கட்டுவதில்லை. அது எண்ணுகிறது. ஒளி தனித்தனித் துணுக்குகளாக வருகிறது என்று ஐன்ஸ்டைன் 1905இல் சொன்னாரே, அந்தத் துணுக்குகளாகிய போட்டோன்கள் சிலிக்கனில் விழுந்து இலத்திரன்களை விடுவிக்கின்றன. ஒவ்வொரு பிக்சலும் சட்டர் (ஒளியை விட்டு மறிக்கும் திரை) திறந்திருக்கும் நேரத்தில் தன்னிடம் சேர்ந்த இலத்திரன்களைப் பிடித்து வைத்திருக்கிறது. படம் என்பது அந்த எண்ணிக்கைகளின் பட்டியல்தான்.

மழை தூறத் தொடங்கும்போது முற்றத்தில் ஒரே அளவான சிரட்டைகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒன்றில் ஏழு துளி விழும், பக்கத்தில் பன்னிரண்டு விழும். வானம் பாரபட்சம் காட்டவில்லை, துளிகள் குறைவு என்பதால் ஏற்ற இறக்கம் கண்ணுக்குத் தெரிகிறது. அடைமழையில் எல்லாச் சிரட்டையிலும் கிட்டத்தட்ட ஒரே மட்டம். போட்டோன்களும் அப்படியே விழுகின்றன. இப்படித் தற்செயலாக வந்து விழுபவற்றுக்கான கணக்கைப் பிரெஞ்சுக் கணிதர் புவாசோன் 1837இலேயே எழுதி வைத்துவிட்டார்: சராசரியாக எத்தனை வருகிறதோ அதன் வர்க்கமூலம் அளவுக்கு எண்ணிக்கை முன்பின்னாக இருக்கும். 10,000 வந்தால் 100 முன்பின், அதாவது நூற்றுக்கு ஒன்று. 100தான் வந்தால் 10 முன்பின், நூற்றுக்குப் பத்து. அருகருகே இருக்கும் இரண்டு பிக்சல்கள் ஒரே கன்னத்தைப் பார்த்தும் வெவ்வேறு வெளிச்சம் சொல்வது இதனால்தான்.

ஐ.எஸ்.ஓ. பற்றிய குழப்பமும் இங்கேதான் தீர்கிறது. அதைக் கூட்டினால் ஒளி கூடுவதில்லை, எண்ணிய எண்ணிக்கை பெருக்கிக் காட்டப்படுகிறது. ஐ.எஸ்.ஓ. 100இல் ஒரு பிக்சல் நிரம்ப 50,000 இலத்திரன் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 6400இல் அதன் 64இல் ஒரு பங்கு, ஏறத்தாழ 780 இலத்திரனே 'முழு வெள்ளை' ஆகிவிடும். நடுத்தர வெளிச்சமுள்ள ஒரு கன்னம் அதில் 18 வீதம், அதாவது 140 இலத்திரன். முன்பின் 12. வெயிலில் எடுத்த அதே கன்னத்துக்கு 9,000 இலத்திரனும் 95 முன்பின்னும். நூற்றுக்கு ஒன்று எங்கே, ஒன்பதுக்குக் கிட்ட எங்கே! இதற்காக ஐ.எஸ்.ஓ.வுக்குப் பயந்து 1600இல் நிறுத்திவிட்டு, வீட்டுக்கு வந்து கணினியில் வெளிச்சம் ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். வீண் வேலை. வந்த ஒளி அதேதான், சென்சரை வாசிக்கும்போது சேரும் மின்னிரைச்சலும் சில கமராக்களில் அப்படிச் செய்யும்போது கூடத்தான் தெரியும்.

ஆக, செய்யக்கூடியது ஒன்றுதான்: இன்னும் போட்டோன் பிடிப்பது. அதற்கு வழி இரண்டு, கதவை அகலத் திறப்பது அல்லது நீண்ட நேரம் திறந்து வைப்பது.

கதவு லென்ஸ். கமராவோடு சேர்த்துத் தரும் சூம் லென்ஸ் 55 மில்லிமீற்றரில் எஃப் 5.6 வரைதான் திறக்கும். மலிவாகக் கிடைக்கும் 50 மில்லிமீற்றர் லென்ஸ் எஃப் 1.8 வரை திறக்கும். இரண்டு எண்களையும் வகுத்து வர்க்கமாக்கினால் கிட்டத்தட்ட 10 மடங்கு ஒளி. புதுக் கமராவுக்குக் காசு சேர்க்கிறவர்கள் முதலில் இந்த லென்ஸை வாங்கலாம் என்பது என் அபிப்பிராயம். விலை இல்லாமல் இல்லை: சிறிய சென்சர் கமராவில் 2 மீற்றர் தூரத்தில் தெளிவாக நிற்கும் ஆழம் 11 சென்ரிமீற்றர்போல. பாடுகிறவர் மைக்கை நோக்கித் தலையை முன்னே கொண்டுபோனால் கண் தெளிவிலிருந்து நழுவிவிடும்.

நேரத்தின் கதை இன்னும் சுவையானது. ட்ரம்ஸ் குச்சியின் நுனி செக்கனுக்கு 10 மீற்றர் வேகத்தில் இறங்கினால், 1/125 செக்கனில் 8 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடும். 1/500 வைத்தாலும் 2 சென்ரிமீற்றர் இழுபடும். ஆனால் குச்சி எப்போதும் அந்த வேகத்தில் போவதில்லை. மேலே போய்த் திரும்புகிற கணத்தில் அதன் வேகம் பூச்சியம். அந்த உச்சியில் அமுக்கினால் 1/125கூடப் போதும். கிற்றார்காரர் ஆடுகிறபோதும் ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் திரும்புமுன் அதே போன்ற ஒரு நிற்றல் உண்டு. இங்கத்தைய ஆட்டப் பாட்டான பைலாவின் தாளத்துக்கு இரண்டு பாட்டுக் கேட்டாலே அது எப்போது வரும் என்று விரலுக்குப் பழகிவிடும். தாளம் தெரிந்தவர் அரைகுறைக் கமராவோடு நல்ல படம் எடுப்பதில் அதிசயம் இல்லை.

இனி எல்.இ.டி. லைட்டுகள். பழைய இழைக் குமிழில் இழை சூடாகவே இருப்பதால் வெளிச்சம் பெரிதாகத் துடிக்காது. எல்.இ.டி. அப்படி அல்ல. எங்கள் மின்சாரம் செக்கனுக்கு 50 சுற்று. மலிவான லைட்டுகள் அதன்படி செக்கனுக்கு 100 தடவை மங்கி ஒளிரும். போதாததற்கு, வெளிச்சத்தைக் குறைக்கிறபோது பெரும்பாலான மேடை லைட்டுகள் மெல்ல எரிவதில்லை, முழுசாக எரிந்து முழுசாக அணைந்து, அணைந்திருக்கும் நேரத்தைக் கூட்டிக்கொள்கின்றன. கண்ணுக்கு அது தெரியாது. சத்தம் வரக்கூடாதென்று எலக்ட்ரோனிக் சட்டரைப் போடுகிறவர்கள்தான் மாட்டுகிறார்கள். அதில் சென்சர் மேலிருந்து கீழாக வரிவரியாக வாசிக்கப்படுகிறது. அந்த வாசிப்புக்கு 1/20 செக்கன் எடுக்கும் கமராவில், அதற்குள் லைட் ஐந்து தடவை மங்கிவிடும், படத்தில் ஐந்து கறுப்புப் பட்டிகள். சிவப்பும் நீலமும் தனித்தனியாகத் துடிக்கும் லைட் என்றால் பட்டிகளும் நிறத்தோடு வரும்.

மருந்து, சட்டரை 1/50 அல்லது 1/100 செக்கனில் வைப்பது. அப்போது ஒவ்வொரு வரியும் முழுத் துடிப்புகளையே வாங்கும், வரிக்கு வரி வித்தியாசம் இருக்காது. கோயில் திருவிழா இன்னிசை இரவில் ஜெனரேட்டரில் லைட் ஓடினால் இந்தக் கணக்கும் கொஞ்சம் பிசகும். சுமை ஏற இறங்கச் சிறிய ஜெனரேட்டரின் சுற்று 50இல் நிலைத்து நிற்காது.

நீல வெளிச்சம் தனித் தலையிடி. கொடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்புப்படி, சென்சரில் பாதிப் பிக்சல்கள் பச்சைக்கு, கால்வாசி சிவப்புக்கு, கால்வாசிதான் நீலத்துக்கு. தனி நீல லைட்டில் முகத்தைப் படமெடுத்தால் பெரும்பாலும் அந்தக் கால்வாசிதான் வேலை செய்கிறது. மற்றவை கிட்டத்தட்டச் சும்மா இருக்க, கமராவின் ஒளிமானி எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி பார்த்து "இருட்டு" என்று முடிவெடுத்து இன்னும் ஒளியை விடுகிறது. நீலம் நிரம்பி வழிகிறது. மூக்கும் கன்னமும் பிரிந்து தெரியாத ஒரு நீலத் தட்டையாக முகம் வரும். பிறகு எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது. லைட் வெள்ளைக்கோ மஞ்சளுக்கோ மாறும்வரை காத்திருப்பது நல்லது. காத்திருக்க முடியாவிட்டால் ஒரு படி இருட்டாக, ரோ கோப்பாக (சென்சர் எண்ணியதை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கிவிடலாம்.

பிளாஷ் வேண்டாம். பாடுகிறவரின் கண்ணில் அடிக்கும், அந்த இடத்தின் வெளிச்சமும் படத்தில் இருக்காது.

கைப்பேசியின் இரவு முறை வேறு தந்திரம் செய்கிறது. பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக்குகிறது. ஒன்பது படத்தைச் சேர்த்தால் புள்ளி மூன்றில் ஒன்றாகும், அதே வர்க்கமூலக் கணக்கு. நிற்கிற கொட்டிலுக்கும் ஸ்பீக்கருக்கும் அது அருமையாக வேலை செய்யும். ஆடுகிற மனிதர்களுக்கு விரல்கள் இரட்டித்துப் போகும். ஆகவே பாட்டு நடக்கும்போது அதை அணைத்துவிடுங்கள்.

கடைசியாகக் கடற்கரைக்கே உரிய ஒரு சிக்கல். ஈரலிப்பான இரவுகளில் பனிபடுநிலை, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 24, 25 பாகைவரை போகும். 22 பாகை ஏசி அறையில் கிடந்த கமராவை நேராக வெளியே எடுத்தால் லென்ஸ் மேல் நீர் படிந்து எல்லாம் பாலாகிவிடும். பையைத் திறக்காமலே வெளியே கொஞ்ச நேரம் வைத்துக் கண்ணாடியைச் சூடேற விடவேண்டும். உப்புக் காற்றும் முன் கண்ணாடியில் மெல்லிய படலம் கட்டும். பின்னாலிருந்து அடிக்கும் லைட்டை அது சிதறடித்துக் கறுப்பையெல்லாம் சாம்பலாக்கும். அதை உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்புப் பளிங்குகள் கண்ணாடியைக் கீறலாம். முதலில் லென்ஸ் துடைக்கும் துணியை நல்ல தண்ணீரில் லேசாக நனைத்து ஒற்றி உப்பைக் கரைத்து எடுங்கள், துடைப்பது அதற்குப் பிறகு.