சாமி மலையேறிய பிறகு

ஒரு வைகாசி விடியற்காலை, கும்பகோணம் பக்கத்துக் கிராமத்திலிருந்து போன். இரணிய நாடகத்தில் நரசிம்ம வேஷம் கட்டியவர் உக்கிரமாக ஆடி அப்படியே சாய்ந்துவிட்டார், உடம்பெல்லாம் வியர்வை, கூப்பிட்டால் உளறுகிறார். "சாமி இன்னும் மலையேறலை டாக்டர்" என்றார் மகன். சர்க்கரை இருக்கா என்று கேட்டேன். இருக்கு. விரதத்தில் ஒரு பருக்கை உள்ளே போகவில்லை, மாத்திரையை மட்டும் விடாமல் போட்டிருக்கிறார்! ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது என்று தோன்றியது. விழுங்க முடிகிறது என்றதும், நிவேதனத்துக்கு வைத்திருந்த பானகத்தையே கொடுக்கச் சொன்னேன். கால் மணி நேரத்தில் தெளிந்தார். ஆனாலும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன், ஏனென்றால் சில மாத்திரைகளின் வேகம் ஒரு நாள் வரைகூட நிற்கும், சர்க்கரை மறுபடி இறங்கலாம்.

நான் மனநல மருத்துவர். அருள் வருவதை நோய் என்று சொல்ல வரவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலே, ஊர் வழக்கத்துக்கும் சடங்குக்கும் உட்பட்டு வருவதை நோயாகக் கணக்கிடுவதில்லை. தஞ்சாவூர் பக்கத்து மெலட்டூரில் நடக்கும் பாகவத மேளம் என்ற நாட்டிய நாடகத்தில் நரசிம்மர் முகமூடிக்குப் பூஜை உண்டு, அதை அணிபவர் விரதம் இருக்கிறார், ஆவேசம் வந்தால் பிடித்து நிறுத்த ஆட்கள் நிற்கிறார்கள். வெறும் வயிறு, தூங்காத இரவு, முகமூடிக்குள் புழுக்கம், கண்ணுக்குத் தெரிவதோ ஒரு சின்ன வட்டம், காதில் மிருதங்கம், எதிரே கைகூப்பி நிற்கிற ஊர் – இத்தனையும் சேரும்போது கவனம் ஒரே புள்ளியில் குவிந்து, 'நான்' என்ற நினைப்பு பின்வாங்கிவிடுகிறது. அப்புறம் கேட்டால் பலருக்குப் பாதி நினைவிருக்காது. நடிப்பு என்றோ பொய் என்றோ இதை ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

என் கவலையெல்லாம் அந்த உடம்பைப் பற்றியதுதான். பிடித்து நிறுத்த ஆள் போடுகிற ஊர், இறங்கி வந்தவர் பக்கத்தில் உட்கார ஒருவரைப் போடுவதில்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம், வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுபவர் விரதம் தொடங்கும் முன்பே டாக்டரிடம் பேசிவிட வேண்டும். வலிப்பு மாத்திரையை விரதத்துக்காக நிறுத்தவே கூடாது. நினைவில்லாதவர் வாயில் பானகமோ தண்ணீரோ ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். கைகால் வெட்டி இழுத்தால் இரும்பைத் தேடாமல் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

நாடகம் முடிந்து நாள் கணக்காகியும் தூக்கமில்லாமல், வயலிலும் வீட்டிலும் வேண்டாத நேரத்தில் திரும்பத் திரும்ப ஆவேசம் வந்தால், அப்போது எங்களிடம் அழைத்து வாருங்கள். வேஷத்தைப் பறித்துக்கொள்ள மாட்டோம்.