பகடை உருளும் முன்பே நடந்துவிடும் பாரபட்சம்

ஆளுக்கொரு கேரக்டராக மாறி, பகடை உருட்டி விளையாடும் கதை விளையாட்டில், கதையை நடத்துகிறவர்தான் கேம் மாஸ்டர். அவர் மேல் புகார் வந்தால் எல்லார் கண்ணும் முதலில் போவது அவர் உருட்டும் பகடையை மறைத்து நிற்கும் அந்த அட்டைத் தடுப்பின் மேல்தான். பகடையில் 7 விழுந்திருக்கும், வாயில் 17 வந்திருக்கும் என்ற சந்தேகம். காசு வாங்கிக்கொண்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற அப்படியொரு விளையாட்டை நடத்துகிறவன் நான். தடுப்புக்குப் பின்னால் நடப்பது சில்லறைத் திருட்டுதான். பெரிய அநியாயம் பகடையைக் கையில் எடுக்கும் முன்பே, யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லாமலே நடந்துவிடுகிறது.

புதியவர்களுக்காக: 20 முகப் பகடையை உருட்டி, கேரக்டரின் திறமைக்கான எண்ணைக் கூட்டுவோம். கேம் மாஸ்டர் வைத்த இலக்கை எட்டினால் ஜெயம். சுலபமான வேலைக்கு 10, நடுத்தரத்துக்கு 15, கடினமானதற்கு 20 என்கிறது விதிப்புத்தகம்.

நான்கு பேர் காவலர்களைத் தாண்டி ஓசைப்படாமல் போகிறார்கள். இலக்கு 10, ஒவ்வொருவருக்கும் +3. அதாவது ஆளுக்கு 70 சதவீத வாய்ப்பு. ‘எல்லாரும் ஸ்டெல்த் (பதுங்கிப் போகும் திறமை) போடுங்க, ஒருத்தர் மாட்டினாலும் எல்லாரும் மாட்டினீங்க’ என்று கேம் மாஸ்டர் சொன்னால், குழு தப்பிக்கும் வாய்ப்பு 24 சதவீதமாகிவிடும். வாசலில் ஒருமுறை, படியில் ஒருமுறை, பெட்டகத்தருகே ஒருமுறை என்று மூன்று தடவை கேட்டால் நூற்றுக்கு ஒன்றரை கூடத் தேறாது. கடைசியில் மாட்டிக்கொண்டதும் ‘பகடை சொல்லிடுச்சு, நான் என்ன பண்ண?’ என்று கையை விரிப்பார். எத்தனை தடவை உருட்ட வேண்டும் என்று சொன்னது பகடையா?

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் இதற்கு வழி இருக்கிறது: குழுவாகச் செய்யும் காரியத்தில் குறைந்தது பாதிப் பேர் தேறினால் குழுவே தேறியது. அதே நான்கு பேருக்கு வாய்ப்பு கிட்டத்தட்ட 92 சதவீதம். பூட்டைத் திறக்கிற விஷயத்தில் இது தலைகீழ். திறக்கும்வரை உருட்டிக்கொண்டே இருக்கலாம் என்று விட்டால், அந்தப் பூட்டு இருந்தும் பயனில்லை.

அடுத்தது, வாய்ச்சாலகம். ஒருவர் காவலாளியிடம் இரண்டு நிமிடம் ரசிக்கும்படி பேசுகிறார். அவர் கேரக்டரின் கரிஸ்மா, அதாவது பிறரைக் கவரும் திறமை, வெறும் 8; பகடையோடு கூட்ட வேண்டிய எண் −1. ‘சரி, உள்ள விட்டுட்டான்’ என்று பகடையே இல்லாமல் கதவு திறக்கிறது. அடுத்த ஊரில், கூச்ச சுபாவமுள்ள ஒரு பெண் ‘நான் இவனைச் சமாதானப்படுத்துறேன்’ என்கிறார். அவர் கேரக்டருக்குக் கரிஸ்மா 18, அதாவது +4. ‘எப்படி? பேசிக் காட்டுங்க’ என்கிறார் கேம் மாஸ்டர். அவர் தடுமாற, இலக்கு 20 ஆகிறது. ஒரு கண்ணுக்கு வெண்ணெய், இன்னொரு கண்ணுக்குச் சுண்ணாம்பு. வாள் வீசுகிறவரை யாரும் எழுந்து நின்று வீசிக் காட்டச் சொல்வதில்லையே!

நான் இருவரிடமும் ஒரே கேள்விதான் கேட்பேன்: காவலாளியிடம் என்ன கேட்கிறீர்கள், பதிலுக்கு அவனுக்கு என்ன கிடைக்கும்? அதை வைத்து இலக்கு எண்ணைச் சத்தமாகச் சொல்வேன். ‘15. தவறினால் மணி அடிப்பான். போடவா, வேண்டாமா?’ எண்ணைச் சொன்னால் சுவாரசியம் போய்விடும் என்பார்கள். போகாது. 14 விழும்போது மேசையே கத்தும்.

தடுப்புக்குப் பின்னால் முடிவை மாற்றுவதற்கு ஐந்தாம் பதிப்பின் விதிப்புத்தகமே இடம் தருகிறது. ஆனாலும் உயிர் போகிற விஷயத்தை நான் எல்லார் கண்முன்னும்தான் உருட்டுவேன். கேரக்டரின் உயிர்ப்புள்ளி பூஜ்யத்துக்கு வந்தால், ஒவ்வொரு சுற்றிலும் 10க்கு மேல் விழ வேண்டும் (10 விழுந்தாலும் சரி). மூன்று தோல்வி என்றால் மரணம். இன்று ஒருவரை ரகசியமாகக் காப்பாற்றினால், அடுத்த மாதம் சாகிறவருக்கு என்ன பதில் சொல்வது? சாவு வேண்டாம் என்றால், சண்டைக்கு முன்பே எதிரிகளின் நோக்கத்தை மாற்றுங்கள். அவர்களுக்குப் பிணம் வேண்டாம், பணயக் கைதிதான் வேண்டும்.

சிலருக்குச் சில காட்சிகள் தாங்காது. ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் உருவாக்கிய எக்ஸ் கார்டை மேசை நடுவில் வைத்துவிடுங்கள். யாராவது தொட்டால் அந்தக் காட்சியை விட்டுவிட வேண்டும், காரணம் கேட்கக் கூடாது.

அப்புறம், கேம் மாஸ்டரின் கணவரோ காதலியோ விளையாடுகிற மேசைகள். மந்திர வாள் யாருக்குப் போனது, யாருடைய கதைக்கு அரைமணி நேரம் கிடைத்தது என்று ஒவ்வொரு செஷன் முடிந்ததும் நோட்டில் ஒரு வரி எழுதி வையுங்கள். அடுத்த செஷனை, அந்தப் பட்டியலில் பெயரே வராதவரின் கேரக்டரிலிருந்து தொடங்குங்கள்.