வாங்கிவிடலாம், வைத்திருக்க முடியுமா?

சொத்து வாங்குவதற்கு முன் என்னிடம் ஆலோசனைக்கு வருபவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகள்தான் கேட்பார்கள். இந்த இடம் விலை ஏறுமா? கடன் கிடைக்குமா? வாங்கிய பிறகு ஏழெட்டு வருடம் கையைக் கடிக்காமல் வைத்திருக்க முடியுமா என்று கேட்பவர்கள் அபூர்வம். ஆனால் நல்ல சொத்தையே வாங்கி, அவசரத்தில் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு நஷ்டப்பட்டவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கடனில் வீடு வாங்கி வாடகைக்கு விட நினைத்த ஒரு தம்பதி நோட்டும் கையுமாக வந்தார்கள். மாத வாடகையை 12-ஆல் பெருக்கி, வருடத் தவணையைக் கழித்து, மிச்சத் தொகையைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார் கணவர். கூட்டல் கழித்தலில் தப்பில்லை. ஆனால் அந்த நோட்டில் வீடு ஒரு நாள்கூடக் காலியாக இருக்கவில்லை, ஒரு குழாய்கூட ஒழுகவில்லை! ஒரு மாதம் ஆள் இல்லாமல் பூட்டிக் கிடந்தாலே வருட வாடகையில் 8 சதவீதத்துக்கு மேல் போய்விடும். ஒருவர் காலி செய்து இன்னொருவர் வருவதற்குள் பெயின்ட், ரிப்பேர், புரோக்கர் கமிஷன். அதற்கு மேல் சொத்து வரி, காப்பீடு, பராமரிப்புக் கட்டணம். ஒவ்வொன்றாக எழுதச் சொன்னேன். வட்டத்துக்குள் இருந்த லாபம் போய், மாதாமாதம் கையிலிருந்து போட வேண்டிய தொகை வந்து நின்றது. கணவர் முகம் வாடிவிட்டது. மனைவிதான், "சரி, இவ்வளவு நம்மால் போட முடியுமா என்று பார்ப்போம்" என்றார். அங்கேதான் உண்மையான கணக்கே ஆரம்பிக்கிறது.

கடனைப் பற்றியும் ஒரு விஷயம். 9 சதவீத வட்டியில் 20 வருடக் கடன் என்றால், முதல் தவணையில் ஒவ்வொரு நூறிலும் சுமார் 83 வட்டிக்கே போகும். 5 வருடம் ஒழுங்காகக் கட்டி முடித்தாலும் அசலில் ஏறக்குறைய 89 சதவீதம் பாக்கி நிற்கும். இந்தச் சமயத்தில் விற்க நேர்ந்தால் கைக்கு வருவது மிகக் கொஞ்சம். 20 சதவீதம் சொந்தப் பணம், 80 சதவீதம் கடன் என்று வாங்கியிருந்தால், விலை 10 சதவீதம் இறங்கினாலே நாம் போட்ட பணத்தில் பாதி கரைந்துவிடும். விலை ஏறும்போது இதே கணக்கு நமக்குச் சாதகமாக ஓடும். விற்பவர் விலை ஏறும் கணக்கை மட்டும்தான் சொல்வார்.

விலை இறங்குவதெல்லாம் நடக்கிற காரியமா என்பவர்களுக்கு அமெரிக்காவைக் காட்டுவேன். அங்கே வீட்டு விலை 2006-ல் உச்சத்தைத் தொட்டு, 2012 வரை சரிந்தது. நாடு தழுவிய விலைக் குறியீடு பழைய உச்சத்துக்குத் திரும்ப ஏறக்குறைய 10 வருடம் பிடித்தது. தவணையை விடாமல் கட்ட முடிந்தவர்களால்தான் அவ்வளவு காலம் காத்திருக்க முடிந்தது. வேலை போனவர்களில் பலர் வீட்டை இழந்தார்கள்.

பணம் முடை என்றால் தங்கத்தில் ஒரு வளையலை விற்கலாம். வீட்டில் ஒரு படுக்கையறையை மட்டும் விற்க முடியுமா? அதனால் வாங்கும் முன்பே குறைந்தது ஆறு மாதத் தவணையும் ஒரு பெரிய ரிப்பேருக்கான தொகையும் தனியாக வங்கியில் இருக்கட்டும் என்பேன். முன்பணத்துக்காக அதையும் துடைத்துக் கொடுக்கும் நிலை என்றால் அது அகலக்கால்தான்.

வில்லங்கம் பார்ப்பதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். காலிமனை வாங்கியவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன்: பத்திரத்தைப் பீரோவில் வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். வேறொருவர் பல வருடம் தடையில்லாமல் அனுபவித்துவந்தால் அவர் உரிமை கோரச் சட்டம் இடம் தரும் நாடுகள் நிறைய உண்டு. அடிக்கடி போய்ப் பாருங்கள், வேலி போடுங்கள், வரி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

அப்புறம், கூட்டாக வாங்குவது. நண்பர்களோ உடன்பிறந்தவர்களோ சேர்ந்து வாங்கும்போது எல்லோருக்கும் ஒரே உற்சாகம். மூன்றாவது வருடம் ஒருவருக்கு மகள் கல்யாணம் வரும், இன்னொருவர் இப்போது விற்கவே கூடாது என்பார். ஒருவர் விலகினால் அவர் பங்குக்கு விலை வைப்பது யார், மற்றவர்கள் எத்தனை மாதத்துக்குள் பணம் தர வேண்டும், ஒருவர் தவணை கட்டத் தவறினால் என்ன செய்வது, இறந்துவிட்டால் பங்கு யாருக்கு என்பதையெல்லாம் முன்பணம் கொடுக்கும் முன்பே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். "நமக்குள் எதற்கு எழுத்து" என்று கூட்டாளி இழுத்தால், சிறியதாக இருந்தாலும் தனியாக வாங்குங்கள்.