கீமோ நடக்கும்போது மூலிகை மாத்திரை எடுக்கலாமா?

"டாக்டர், கீமோ ஒரு பக்கம் நடக்கட்டும். கூடவே முள்சீத்தா இலைக் கஷாயம் கொடுக்கலாமா?" புற்றுநோய்ப் பிரிவில் இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வரும். கேட்பவர்கள் மேல் கோபம் வருவதில்லை. நாங்கள் ஊசியில் ஏற்றும் மருந்துகளிலேயே சில, செடியிலிருந்து வந்தவைதானே.

சுடுகாட்டு ஓரமெல்லாம் பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணிக்குப் பூர்வீகம் மடகாஸ்கர். ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்கு இதன் இலையைக் கொதிக்கவைத்துக் குடித்தார்கள். 1950-களில் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் அந்தச் சாற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை குறையவில்லை. ஊசியாகப் போட்டபோது வெள்ளை அணுக்கள் மளமளவென்று சரிந்தன. அப்படிக் கிடைத்ததுதான் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து. அதே செடியில் கிடைத்த வின்கிரிஸ்டினுக்கு அமெரிக்காவில் 1963-ல் அனுமதி கிடைத்தது. குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் அதைக் கொடுக்கிறோம்.

செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களைப் பங்கிட நுண்குழாய்கள் வேண்டும். அவை உருவாகாமல் வின்கிரிஸ்டின் தடுக்கிறது. பாதிப் பிரிவில் மாட்டிக்கொண்ட செல், கடைசியில் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. பழுதான செல் இப்படி மடிவதற்கு அபோப்டோசிஸ் என்று பெயர். நம் உடலின் செல்களுக்குள் இந்த ஏற்பாடு பிறப்பிலேயே உண்டு. புற்றுநோய்ச் செல் அதைத்தான் முடக்கி வைக்கிறது. சாவைத் தடுக்கும் பிசிஎல்-2 புரதத்தைக் கூட்டிக்கொள்ளும். பல புற்றுநோய்களில் பி53 என்ற காவல் புரதமும் கெட்டுப்போயிருக்கும்.

மஞ்சளில் உள்ள குர்குமின் மேல் ஆய்வாளர்களுக்கு ஆர்வம் பிறந்தது இதனால்தான். ஆய்வகத்தில் வளர்த்த செல்களில், அவை உயிர்பிழைக்க நம்பியிருக்கும் என்எஃப்-கப்பா பி என்ற சமிக்ஞையைக் குர்குமின் அடக்குகிறது. பிசிஎல்-2 குறைகிறது. முன்பு அசையாத செல், அதே கீமோ மருந்துக்கு எளிதில் மடிகிறது. சிக்கல் என்னவென்றால், விழுங்கும் குர்குமினில் பெரும்பகுதி ரத்தத்துக்குப் போய்ச் சேர்வதே இல்லை. கணையப் புற்றுநோயாளிகளுக்குத் தினம் 8 கிராம் கொடுத்த ஆய்வு 2008-ல் வெளியானது. அவ்வளவு கொடுத்தும் ரத்தத்தில் தெரிந்தது சொற்பம்தான்.

மிளகிலுள்ள பைப்பரின் என்ற பொருளைச் சேர்த்தால் ரத்தத்தில் குர்குமின் பல மடங்கு ஏறும் என்று 1998-ல் பெங்களூரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். கடைகளில் விற்கும் மஞ்சள் மாத்திரைகள் பலவற்றில் மிளகுச் சத்து இருப்பது அதற்காகத்தான். என் கவலையும் அங்கேதான். மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதி ஒன்றைப் பைப்பரின் தடுக்கக்கூடியது. வின்கிரிஸ்டினும் அதே வகை நொதிகளால்தான் சிதைகிறது. வின்கிரிஸ்டினை ஒரு வேளைக்குப் பெரும்பாலும் 2 மில்லிகிராமுக்கு மேல் நாங்கள் கொடுப்பதில்லை. உடலில் அது தேங்கினால் கை கால் மரத்துப்போகும், பாதம் தொங்கும், குடல் அசைவு நின்று வயிறு உப்பும்.

க்ரீன் டீ கதை இதற்கு நேர் எதிர். அதிலுள்ள ஈஜிசிஜி என்ற பொருள் தனியாகப் புற்றுநோய்ச் செல்லைக் கொல்லும் என்று பேர் வாங்கியது. ஆனால் மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் போர்டிசோமிப் மருந்தோடு சேர்ந்தால், அந்த மருந்தையே பிடித்துக் கட்டிப்போட்டுவிடுகிறது. 2009-ல் வெளியான செல், எலிப் பரிசோதனைகளில் சாக வேண்டிய புற்றுநோய்ச் செல்கள் பிழைத்துக்கொண்டன.

முள்சீத்தாவில் அன்னோனாசின் என்றொரு பொருள் இருக்கிறது. அது நரம்பு செல்களுக்கு நஞ்சு. கரீபியன் தீவான குவாதலூப்பில் இந்தப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் அதிகம் எடுத்தவர்களிடம் பார்கின்சன் போன்ற நோய் கூடுதலாகக் காணப்பட்டது. ஏற்கெனவே கீமோவால் நரம்பு தளர்ந்தவருக்கு அதை நான் கொடுக்கச் சொல்ல மாட்டேன். நித்தியகல்யாணி இலையையும் அரைத்துக் குடிக்காதீர்கள். ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்கச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை தேவை. உங்கள் கஷாயத்தில் எந்த நஞ்சு எவ்வளவு இறங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது.

குழம்பில் மஞ்சள், ரசத்தில் மிளகு எப்போதும்போல் இருக்கட்டும். மாத்திரை, சூரணம், லேகியம், கஷாயப் பொடி எதுவானாலும் அடுத்த கீமோவுக்கு வரும்போது டப்பாவோடு எடுத்து வாருங்கள். லேபிள் இல்லாத நாட்டு மருந்து என்றால், கொடுத்தவரிடம் என்னென்ன சேர்த்தார் என்று எழுதி வாங்கி வாருங்கள். திட்ட மாட்டோம். ஊசி ஏற்றுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.